பொருத்தமே வேகம்
(அவுட்போர்டுப் படகுப் பந்தயத்தின் வரலாறு)

2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மும்பை மாநகரின் மெரீன் டிரைவ் கடற்கரையை ஒட்டி விசைப்படகுப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. நம் காலனிக் குடும்பங்கள் சில, கட்டுச்சோறும் குடையுமாகச் சென்று, கடற்சுவரின் மீது அமர்ந்து அதனைக் கண்டு களித்தோம். பின்புறத்தில் எஞ்சின் தொங்கும் படகுகள் நீரைக் கிழித்துக்கொண்டு பறந்தன. எல்லாப் படகுகளும் ஒரே வார்ப்பில் ஆனவை; எஞ்சின்களும் ஒரே திறன் உடையவை. இதனைக் கேள்வியுற்ற சிறுமி ஒருத்தி நம் பக்கம் திரும்பி, “மாமா, எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு? அப்புறம் ஒண்ணு மட்டும் எப்படி முந்துது?” என்று வினவினாள்.

“ஓட்டுபவர் திறமை, அம்மா” என்று கூறி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் அதனைத் தேடப் புகுந்தபோது, நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று நம் கண்முன் விரிந்தது. கன்னியாகுமரிக் கடலில் இன்று வலை வீசும் நம்மவர் வாழ்வோடும் தொடர்புடைய வரலாறு அது. அதனைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துடுப்புக்கு விடை

அமெரிக்காவில் 1907-ஆம் ஆண்டிலேயே கேமரன் வாட்டர்மன் என்பவர், படகின் பின்பலகையில் மாட்டவும் கழற்றவும் கூடிய எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அதனை நாடறியச் செய்தவர் ஓலே எவின்ரூட். அவர் 1877-இல் நார்வே நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த மண்ணில் வேரூன்றிய நம் போன்றோர்க்கு அவருடைய கதை அந்நியமானதன்று.

கோடைநாள் ஒன்றில் அவர் மணக்கவிருந்த பெஸ் என்னும் நங்கை ஐஸ்கிரீம் வேண்டுமெனக் கேட்டாராம். ஏரியின் குறுக்கே துடுப்பு வலித்துச் சென்று வாங்கி வருவதற்குள் அது உருகிப்போயிற்றாம். படகுக்கு எஞ்சின் பூட்டும் எண்ணம் அன்றுதான் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1909-இல் விற்பனைக்கு வந்த அவருடைய எஞ்சின் ஒன்றரைக் குதிரைத் திறனும், 62 பவுண்டு, அதாவது 28 கிலோ, எடையும் கொண்டிருந்தது. எவின்ரூட் பட்டறையைக் கவனித்தார். பெஸ் அம்மையார் அலுவலகத்தைக் கவனித்தார். துடுப்புகளைத் தூர எறியுங்கள் என்னும் கருத்தமைந்த விளம்பரத்தை எழுதியவரும் அவ்வம்மையாரே. வெளிநாடுகளில் அதனை வாங்கியவர்களுள் ஸ்காண்டிநேவியக் கடற்கரையின் மீனவர்களும் இருந்தனர். இதனை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். முடிவில் மீண்டும் இவ்விடத்திற்கே வருவோம்.

மனைவியாரின் உடல்நலம் கருதி 1914-இல் எவின்ரூட் தம் பங்கை விற்று விலகினார். சில ஆண்டுகள் கழித்து, அலுமினியத்தால் இயன்ற இலேசான ‘எல்டோ’ எஞ்சினுடன் மீண்டும் களம் புகுந்தார். 1922 அளவில் இந்தியானா மாநிலத்தின் ஜான்சன் சகோதரர்கள் ஏறத்தாழ 35 பவுண்டு எடையே உள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைக் கொணர்ந்தனர். எடை பாதியாயிற்று. எடை குறைந்தவுடன் வேகம் பிறந்தது. வேகம் பிறந்தவுடன் போட்டியும் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா

பெரிய இன்ஜின் பூட்டிய பந்தயப் படகுகள் அந்நாளில் செல்வர்களின் விளையாட்டாக இருந்தன. அவுட்போர்டுப் பந்தயமோ எளியோர்க்கு உரியதாயிற்று. பட்டறைத் தொழிலாளரும் கடைக்காரரும் மாணவரும், தம் வீட்டுக் கொட்டகையில் ஒட்டுப்பலகையால் கட்டிய சிறு படகைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு, மனைவி மக்களோடு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தனர். தந்தை ஓட்டுவார், மகன் பெட்ரோல் கலப்பான், தாய் நேரத்தைக் குறிப்பார். சிறுவர்க்கெனத் தனி வகுப்பும் பின்னர் ஏற்பட்டது.

சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினோடு மோத வேண்டாம் என்பதற்காகச் சிலிண்டர்களின் கொள்ளளவை வைத்து வகுப்புகளைப் பிரித்தனர். 1950-களில் 15 கன அங்குலத்திற்குட்பட்டவை ஏ வகுப்பு. 20-க்குட்பட்டவை பி வகுப்பு. இவ்வாறே மேலும் தொடர்ந்தன. கடையில் விற்கும் எஞ்சினை ஏறத்தாழ அப்படியே பயன்படுத்தும் பிரிவும் இருந்தது. விரும்பியவாறு திருத்தி அமைத்துக்கொள்ளும் பிரிவும் இருந்தது. படகுகள் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில்லை. கரையிலுள்ள பெரிய கடிகாரத்தின் முள் உச்சியைத் தொடும்போது, ஓடிவரும் படகு கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் ஓட்டம் செல்லாது. ஒரு நொடி பிந்தினால் முன்னே செல்வோர் எறியும் நீர்த்திரையில் கண் தெரியாது.

ஹட்சன் ஆற்றில் ஆல்பனி நகரிலிருந்து நியூயார்க் வரை, 130 மைலுக்குக் குறையாத நெடும்பந்தயம் ஒன்றும் நடந்துவந்தது. மிதக்கும் கட்டைகளும் பெருங்கப்பல்களின் அலைகளும் நிறைந்த அவ்வழியில், புறப்பட்ட படகுகளுள் பல கரை சேர்ந்ததில்லை. கார்ல் கீக்ஹேஃபர் என்பவர் இத்தகைய பந்தயங்களையே தம் சோதனைச்சாலையாகக் கொண்டார். 1939-இல் விஸ்கான்சினில் அவர் வாங்கிய நொடித்த தொழிற்சாலையில், வாங்கியவர் திருப்பி அனுப்பிய பழுதான எஞ்சின்கள் குவிந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு விற்றதிலிருந்தே அவருடைய ‘மெர்க்குரி’ எஞ்சின்கள் தோன்றின. 1957-இல் புளோரிடாவின் ஏரி ஒன்றில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் நிரப்பி, உலகைச் சுற்றும் தொலைவான 25,000 மைலை அவருடைய எஞ்சின் முப்பத்தைந்து நாளுக்குள் ஓடி முடித்தது.

ஒரு விரற்கடையின் மதிப்பு

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம். ஒரே படகு, ஒரே எஞ்சின்; வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எஞ்சினை எவ்வாறு பொருத்துகிறோம் என்பதிலிருந்து வருகிறது.

முதலாவது உயரம். அவுட்போர்டு எஞ்சினின் அடிப்பகுதி நீருக்குள் மூழ்கியிருக்கும். அது நீரில் இழுபடும் ஒரு தடை. எஞ்சினைப் பின்பலகையில் ஒரு விரற்கடை உயர்த்தினால் தடை குறைந்து வேகம் கூடும். அதற்கும் மேல் உயர்த்தினாலோ, புரொப்பல்லர் நீரைப் பற்றாமல் காற்றைக் கலக்கி வீணே சுழலும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரும் உள்ளே ஏறாது. வெற்றிக்கும் வெந்துபோன எஞ்சினுக்கும் இடையே உள்ள தொலைவு சில வேளைகளில் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றின் கனமேயாகும்.

இரண்டாவது சாய்வு. எஞ்சினின் அடிப்பகுதியைப் படகை நோக்கி உட்புறமாகச் சாய்த்தால் படகின் முகம் தாழும், திருப்பங்களில் பிடிப்பு கிடைக்கும், வேகம் குறையும். வெளிப்புறமாகச் சாய்த்தால் முகம் எழும்; நீரைத் தொடும் பரப்புக் குறையும்; வேகம் கூடும். மிகுந்துவிட்டால் காற்று அடியில் புகுந்து படகைக் கவிழ்த்துவிடும்.

மூன்றாவது புரொப்பல்லர். திருகாணி ஒரு சுற்றுக்கு மரத்தில் எவ்வளவு முன்னேறுகிறதோ, அதுபோலப் புரொப்பல்லரும் ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம் முன்னேறுமாறு முறுக்கி வார்க்கப்படுகிறது. முறுக்கு மிகுந்தால் எஞ்சின் பாரம் தாங்காமல் திணறும். குறைந்தால் வெற்றோட்டம் ஓடும். வெண்கலப் புரொப்பல்லரை அரத்தாலும் சுத்தியலாலும் இரவெல்லாம் திருத்தி, விளிம்பைச் சற்றே வளைத்து, மறுநாள் நீரில் விட்டுப் பார்ப்பது அந்நாளைய வீரர்களின் வழக்கம்.

நான்காவது எரிபொருள். இரண்டடி எஞ்சினில் மசகெண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் வேகம் வரும். ஆனால் எண்ணெயும் உடன் குறைவதால் பிஸ்டன் உருகும். முழு வேகத்தில் எஞ்சினைச் சட்டென நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் கேடு அருகில் உள்ளது. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. இளம்பழுப்பாக இருந்தால் நலம். நாடி பார்க்கும் வைத்தியரின் கலை போன்றது அது.

இவை நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. உயரத்தை மாற்றினால் பழைய புரொப்பல்லர் ஒவ்வாது. புரொப்பல்லரை மாற்றினால் சாய்வு ஒவ்வாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பயனைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் பின்னரே அடுத்ததைத் தொடுவது தேர்ந்தவர் முறை. இரண்டை ஒருங்கே மாற்றியவன் வென்றாலும் தான் வென்ற காரணத்தை அறியான்.

ஆமணக்கின் மணம்

திருத்தி அமைத்த எஞ்சின்களுள் பல பெட்ரோலுக்கு மாற்றாக மெத்தனால் என்னும் சாராயத்தில் ஓடின. மெத்தனாலில் தாது எண்ணெய் கரையாது, ஆமணக்கெண்ணெய் கரையும். ஆதலின் அப்பந்தயங்களில் மசகெண்ணெயாக விளங்கியது நம் பாட்டிமார் வயிற்றைக் கழுவத் தந்த விளக்கெண்ணெயேயாகும். ஏரிக்கரையெங்கும் பரவிய அம்மணத்தை முதுமையிலும் மறவாத பழைய வீரர்கள் பலர். ஆமணக்கு விளைச்சலில் இன்று உலகில் முதலிடம் வகிப்பது நம் நாடு என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும்.

1958-இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் ஹியூ என்ட்ராப் என்னும் வீரர் மணிக்கு 107.821 மைல் வேகத்தில் சென்று, அவுட்போர்டுப் படகில் நூறு மைலைத் தாண்டிய முதல்வர் என்னும் புகழ் பெற்றார். அவர் பூட்டியிருந்தது, குடும்பப் படகுகளுக்கென விற்ற ஆறு சிலிண்டர் மெர்க்குரி எஞ்சினின் பந்தய வடிவமே. 1960-இல் எவின்ரூட் எஞ்சினுடன் 122.979 மைலை எட்டினார். 1989-இல் பாப் வார்ட்டிங்கர் 176 மைலையும் கடந்தார்.

உயிரின் விலை

இப்புகழுக்குக் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. 1930-களில் பரவிய மும்முனை ஹைட்ரோபிளேன் படகு, முன்னே இருபுறமும் இரண்டு இடங்கள், பின்னே ஓரிடம் என மூன்றே இடங்களில் நீரைத் தொட்டு, எஞ்சிய உடலைக் காற்றில் மிதக்கவிட்டு ஓடுவது. அதில் முழங்காலிட்டுக் குனிந்திருக்கும் வீரர், ஒரு சிற்றலை தட்டினாலும் தூக்கி எறியப்படுவார். ஆளிழந்த படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து, நீரில் கிடப்பவரையே தன் புரொப்பல்லரால் வெட்டக்கூடும். உயிர்கள் பல போயின.

அவ்விழப்புகளிலிருந்தே பாதுகாப்புப் பிறந்தது. கையை விட்டவுடன் தானே அடங்கும் வேகப்பிடி வந்தது. ஓட்டுபவரின் உடலோடு கட்டிய கயிறு ஒன்று, அவர் விழுந்த கணமே எஞ்சினை அணைக்கும் ஏற்பாடு வந்தது. உயிர்காப்புச் சட்டையும் தலைக்கவசமும் கட்டாயமாயின.

நம் கரைக்கு வந்த பாடம்

1980-களில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் மீனவர்களின் வள்ளங்களில் அவுட்போர்டு எஞ்சின்கள் பரவலாக ஏறின. மண்ணெண்ணெயில் ஓடுமாறு அமைந்த அவ்வெஞ்சின்கள், பாய்க்கும் துடுப்புக்கும் எட்டாத கடலை எட்டச் செய்தன. கூடவே எரிபொருட் செலவையும் கடன்சுமையையும் கொணர்ந்தன. ஸ்காண்டிநேவிய மீனவரிடம் தொடங்கிய பொறி, பந்தய ஏரிகளில் பயின்று, நம் மீனவரிடம் வந்து சேர்ந்தது.

பந்தயம் கண்டறிந்த பொருத்தக் கணக்கு இங்கேதான் சோற்றுக் கணக்காகிறது. வலையும் மீனும் ஏற்றிய கனத்த வள்ளத்திற்கு முறுக்கு மிகுந்த புரொப்பல்லரை மாட்டினால், எஞ்சின் திணறும், மண்ணெண்ணெய் வீணாகும், எஞ்சினின் ஆயுளும் குறையும். குறைந்த முறுக்குள்ள புரொப்பல்லர் அதே பாரத்தை எளிதாகத் தள்ளும். உயரம் தவறினாலும் இழப்பே. ஏரியில் ஒரு நொடியை இழப்பவன் கோப்பையை இழக்கிறான். கடலில் நாள்தோறும் சில லிட்டரை இழப்பவன் தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை இழக்கிறான். எஞ்சினை அணைக்கும் அச்சிறு கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் தனியே கடலுக்குச் செல்பவன் எதை இழக்கக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஊர்ப் பக்கம் செல்லும் அன்பர்கள், அக்கயிற்றைப் பற்றி உறவினரிடம் ஒரு சொல் சொல்லி வருவார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறும்.

எவின்ரூட், ஜான்சன் ஆகிய பெயர்களைத் தாங்கிய பெருநிறுவனம் 2000-ஆம் ஆண்டு நொடித்தது. வேறொரு நிறுவனம் தொடர்ந்து செய்துவந்த எவின்ரூட் எஞ்சின்களின் உற்பத்தியும் 2020-இல் நின்றுபோயிற்று. பழைய இரண்டடி எஞ்சின்கள் அருகி வருகின்றன. பிளக்கின் நிறம் பார்த்துச் சொல்லும் முதியோரும் அருகி வருகின்றனர். பெயர்கள் மறையலாம், அவர்கள் குறிப்பேடுகளில் எழுதிவைத்த உண்மை மறையத் தேவையில்லை.

அச்சிறுமி இன்று கல்லூரி செல்லும் வயதினள். அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இம்மலரின் வாயிலாக நிறைவு செய்கிறோம். அம்மா, வலிமை கடையில் கிடைக்கும்; அதனை யார் வேண்டுமாயினும் வாங்கலாம். படகும் எஞ்சினும் நீரும் ஆளும் ஒன்றோடொன்று இயையுமாறு ஒரு விரற்கடை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கும் பொறுமையைக் கடையில் வாங்க இயலாது. முந்திய படகை முந்தச் செய்தது அப்பொறுமையே.