பேராளரை இணைத்த குறி: மாநாட்டு ஹேஷ்டேக்கின் வரலாறு

ஆய்வு மாநாடுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேடையில் படைக்கப்பட்ட கட்டுரைகளையே சான்றாகக் கொள்கின்றனர். ஆயினும், நிலைத்த பயன் தந்தவை பல வேளைகளில் அரங்கிற்கு வெளியே பேராளர்கள் ஒருவரையொருவர் கண்டறிந்து உரையாடிய பொழுதுகளே எனலாம். நாம் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. 1964 சனவரியில் புதுடில்லியில் நடைபெற்ற அனைத்துலகக் கீழ்த்திசையியல் மாநாட்டிற்கு வந்திருந்த தமிழறிஞர்கள் தனியே கூடியதன் விளைவாகவே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அம்முயற்சியின் முன்னோடியான தனிநாயக அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றினார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தேறிய முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைகள் அச்சேறி நூலகங்களில் உள்ளன. அரங்கிற்கு வெளியே நிகழும் பேச்சுகளையோ அவ்வாறு தொகுத்து வைக்கும் வழக்கம் இருந்ததில்லை.

அப்பேச்சுகளுக்கு எழுத்துவடிவம் தந்த கருவிகளுள் ஒன்று 2007இல் அறிமுகமாயிற்று. ஹேஷ்டேக் எனப்படும் குறிச்சொல் இன்று அரசியல், விளம்பரம், திரைப்படம் என எங்கும் பரவியிருப்பதால், அது ஒரு கூட்டத்திற்கு வந்தோரின் தேவையையொட்டிப் பிறந்தது என்பதைப் பலரும் அறியார்.

2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் பார்கேம்ப் என்னும் கணினியாளர் கூட்டம் முதன்முறையாக நடந்தது. அழைக்கப்பட்டோர் மட்டுமே செல்லத்தக்க ஃபூகேம்ப் என்னும் கூட்டத்திற்கு மாற்றாக, விரும்பிய எவரும் வரலாம் என்பதே அதன் நெறி. அதன் அமைப்பாளர்களுள் ஒருவரான கிறிஸ் மெசினா, 2007 ஆகஸ்டு 23ஆம் நாள், குழுக்களைச் சுட்ட # என்னும் குறியைப் பயன்படுத்தலாமா என்று டுவிட்டரில் வினவினார். எடுத்துக்காட்டாக அவர் காட்டிய சொல்லும் பார்கேம்ப் என்பதே.

இவ்வினாவுக்குப் பின்னணி இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஆஸ்டின் நகரில் நடைபெற்ற சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில்தான் டுவிட்டர் பரவலான கவனத்தைப் பெற்றது. பங்கேற்றோர் எழுதிய செய்திகள் அவர்களைப் பின்தொடரும் அனைவருக்கும் சென்றன. கூட்டத்திற்கு வராதவருக்கு அவை தொல்லை. அதே அரங்கில் அமர்ந்திருந்த அறிமுகமற்றவருக்கோ அவை எட்டவில்லை. வேண்டாதவருக்குப் போய்ச் சேர்ந்து வேண்டியவருக்குப் போகாத கடிதம் போன்றது இது.

குறி புதிதன்று. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் இணைய உரையாடல் முறையில் அறைகளின் பெயர்கள் # குறியுடன் தொடங்கும் வழக்கம் நிலைபெற்றிருந்தது. மெசினா அதையே எடுத்தாண்டார். ஆனால், ஐ.ஆர்.சி. அறைக்குள் நுழைந்தவரே அங்கு நிகழும் பேச்சைக் காண இயலும். ஹேஷ்டேக்கிற்குச் சுவரும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை. பதிவு செய்யவோ அனுமதி கேட்கவோ தேவையின்றி, சொல்லைத் தட்டச்சு செய்தால் போதும். பார்கேம்பின் திறந்த நெறி ஓர் எழுத்துக்குறிக்குள் குடியேறிற்று என்றே நாம் கருதுகிறோம். டுவிட்டர் நிறுவனம் தொடக்கத்தில் இதில் ஆர்வம் காட்டவில்லை. 2007 அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போது மக்கள் செய்தி பரிமாற இதனைக் கையாண்ட பின்னரே இதன் பயன் புலப்படலாயிற்று. 2009 சூலையில் ஹேஷ்டேக்கைச் சொடுக்கத்தக்க இணைப்பாக நிறுவனமே மாற்றியமைத்தது.

கல்வி மாநாடுகளில் இவ்வழக்கம் விரைந்து வேரூன்றியது. மாநாட்டுப் பெயரின் சுருக்கமும் ஆண்டின் இறுதி எண்களும் சேர்ந்ததே குறிச்சொல்லின் பொதுவான அமைப்பு. ஒரு செய்திக்கு 140 எழுத்துகளே என்ற வரம்பு 2017 வரை இருந்தமையால் சுருக்கம் கட்டாயமாயிற்று. ஒரே சுருக்கத்தை இரு மாநாடுகள் கொண்டு குழம்புவதும் எளிதாயிற்று. இதனால் மிகுந்த நன்மை அடையத்தக்கவர், அறிமுகம் செய்துவைக்கப் பேராசிரியர் எவரும் உடன்வராத முதல்முறைப் பேராளரே. தாம் கேட்ட கட்டுரையைப் பற்றி அதே அரங்கில் வேறு யார் எழுதுகிறார் என அறிந்து, தேநீர் இடைவேளையில் அவரைத் தேடிச் செல்ல இயலும்.

எனினும், மிகைப்படுத்தலாகாது. 2009இல் நடந்த மூன்று எண்ணிம மானுடவியல் மாநாடுகளின் டுவிட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அவை ஒருங்கிணைந்த உரையாடலாக அமையாமல், பெரும்பாலும் தனிமொழிகளாகவும் இடையிடையே சிறு உரையாடல்களாகவும் இருந்தன என்று காட்டியது. 2012 செப்டம்பரில் மற்றொரு சிக்கலும் வெடித்தது. அச்சேறாத கருத்தை, படைத்தவரின் இசைவின்றி, அரங்கிலிருந்தே உலகறியச் செய்தல் முறையா என அமெரிக்கக் கல்வியாளர்கள் கடுமையாக வாதிட்டனர். சுவரின்மை இருபக்கமும் வெட்டியது.

வரலாற்று மாணவர்களாகிய நமக்கு இதனினும் கவலை தருவது ஆவண நிலையே. குறிச்சொல் எவருக்கும் உடைமையன்று. மெசினா அதற்குக் காப்புரிமை கோரவில்லை. ஆனால், அதன்கீழ்த் திரண்ட பேச்சு முழுவதும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்தது. டுவிட்டரின் பொதுப்பதிவுகளைக் காக்க 2010இல் முன்வந்த அமெரிக்கக் காங்கிரசு நூலகம், 2017ஆம் ஆண்டு இறுதியுடன் முழுமையான சேகரிப்பை நிறுத்திக்கொண்டது. பதிவுகளைக் கோத்துத் தொகுக்கப் பலர் பயன்படுத்திய ஸ்டோரிஃபை என்னும் சேவை 2018 மே மாதத்தில் மூடப்பட்டது. பதிவுகளைத் திரட்ட ஆய்வாளர்களுக்கிருந்த கட்டணமற்ற வழியும் 2023இல் அடைபட்டது; அவ்வாண்டு சூலையில் டுவிட்டர் என்ற பெயரே எக்ஸ் என மாறியது.

அதன்பின் கல்வியாளர் பலர் மாஸ்டடான், புளூஸ்கை ஆகிய தளங்களுக்குப் பெயர்ந்தனர். குறியை அவர்கள் உடன் கொண்டு சென்றனர். பழைய பேச்சுகளைக் கொண்டு செல்ல வழியில்லை. ஒரே மாநாட்டின் குறிச்சொல் இரண்டு மூன்று தளங்களில் பிரிந்து கிடக்க, ஒரு தளத்தில் எழுதுபவரை மற்றொன்றில் இருப்பவர் காண்பது அரிதாயிற்று. ஒரே அரங்கில் அருகருகே அமர்ந்திருப்போருக்கும் இந்நிலையே.