சிலேட்டரின் மாணவர்களும் ஐந்து சிற்றூர்களும்

பொருள் என்னும் தமிழ்ச்சொல் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். செல்வம் எங்ஙனம் பிறக்கிறது, யார் கைக்குச் சென்று சேர்கிறது என்பதை ஆராயும் துறைக்குப் பொருளியல் என்று பெயரிட்டோம். ஆயினும், பல்கலைக் கழகத்தில் அத்துறையைப் பயின்று பட்டம் பெற்றவர்க்கும் தம் வீட்டு வரவு செலவு விளங்குவதில்லை என்னும் குறை இன்றும் கேட்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இக்குறையைக் களைய முயன்ற ஓர் ஆசிரியரின் வரலாறு தமிழாசிரியர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

அவர் பெயர் கில்பர்ட் சிலேட்டர். 1864இல் பிறந்த ஆங்கிலேயர். இங்கிலாந்தின் உழவர்கள் தங்கள் பொதுநிலங்களை இழந்த வரலாற்றை ஆராய்ந்து 1907இல் நூல் வெளியிட்டவர். தொழிலாளர் கல்விக்கென ஆக்ஸ்போர்டில் 1899இல் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரிக்கு 1909இல் முதல்வரானார். அவ்வாண்டில்தான் அக்கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். முந்தைய முதல்வரை நீக்கியது ஒரு காரணம்; எந்தப் பொருளியலைக் கற்பிப்பது, யாருடைய நோக்கில் கற்பிப்பது என்னும் பூசல் அதனினும் ஆழமான காரணம். சுரங்கத்திலும் இருப்புப்பாதையிலும் உழைத்துவிட்டு வகுப்பறைக்கு வந்த அம்மாணவர்கள், பாடநூல் கூறும் கூலியையும் தாம் வாங்கிய கூலியையும் ஒப்பிட்டுக் கேள்வி எழுப்பினர்.

இத்தகைய இடத்திலிருந்து சிலேட்டர் 1915இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். இங்கே நிலைமை நேர்மாறானது. மாணவர்கள் ஆங்கில நூல்களைத் திறம்படக் கற்றனர். இலண்டன் நாணயச் சந்தையைப் பற்றிக் கேட்டால் விடை சொல்லக் கூடியவர்கள், தம் ஊரில் ஏர் உழுபவன் நாளொன்றுக்கு எத்தனை படி நெல் பெறுகிறான் என்று கேட்டால் திகைத்து நிற்பர்.

சிலேட்டர் கண்ட வழி எளியது. வினாக்கள் அடங்கிய தாளொன்றை மாணவர் கையில் கொடுத்து, விடுமுறைக்குச் செல்லும்போது சொந்த ஊரிலேயே விவரம் திரட்டி வரும்படி பணித்தார். நிலம் யாருக்கு எவ்வளவு? குத்தகை என்ன? கூலி நெல்லா, காசா? கடன் எவரிடம், வட்டி எத்தனை? இவைபோன்றவையே வினாக்கள். கேட்பதற்கு எளியவை, விடை காண்பதோ அரிது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறு; கணக்கு எழுதிவைக்காத வீடுகளே மிகுதி. வீடு வீடாகச் சென்று கேட்டு, அளந்து, கூட்டிக் கழித்துத்தான் அறிய வேண்டும். அவ்வாறு கிடைத்தவற்றைத் தொகுத்துத் 'தென்னிந்தியச் சிற்றூர்கள் சில' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1918இல் சிலேட்டர் நூலாக்கினார். அதில் இடம்பெற்ற தமிழூர்களுள் ஐந்து பின்னர்ப் புகழ்பெற்றன. அவை சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு என்பன.

மாணவர்கள் கண்டவற்றுள் நெஞ்சைச் சுடுவது படியாள் முறை. திருமணச் செலவு போன்றவற்றுக்காக நிலக்கிழாரிடம் சிறு தொகை கடன் பெற்றவன், அதனைத் தீர்க்கும்வரை அவர் நிலத்திலேயே உழைக்க வேண்டும். தீர்க்க இயலாவிடில் அக்கடன் மகனைச் சாரும். தன் கடனின் சுமையை அவன் அறிவான். கணக்கேட்டைப் படிக்க அறியான். கல்லூரி மாணவனோ ஏட்டைப் படிக்க வல்லவன், அச்சுமையை அறியான். இவ்விரு அறிவும் ஒன்றையொன்று சந்தித்ததே சிலேட்டரின் வினாத்தாள் செய்த பெரும்பணி.

குறையும் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் கல்லூரியை எட்டியவர்களுள் பலர் நிலமுடையோர் வீட்டுப் பிள்ளைகள். படியாள் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி வாயில் எட்டாத் தொலைவு. ஆதலால், கேட்டவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தவையே பெரும்பாலும் ஏட்டில் ஏறின. எனினும் எண்களைக் குறித்து வைத்தார்கள். குறித்து வைத்ததாலன்றோ பின்வந்தோர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது! 1936-37இல் பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் இவ்வூர்களை மீண்டும் ஆராய வழிசெய்தனர். 1961இல் மார்கரெட் ஹேஸ்வெல் அம்மையார் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் சென்றனர். இருவேல்பட்டின் வரலாறு 1916 முதல் 2008 வரை தொடர்ந்து எழுதப்பட்டுள்ளது. ஊரையே ஆட்டிவைத்த நிலக்கிழார் ஆதிக்கம் தளர்ந்ததும், உழைப்பாளர் வயலுக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதும் அதனால் நமக்குத் தெரிகின்றன.

இவ்வரலாற்றில் நமக்கும் உறவுண்டு. அம்மாணவர்கள் கணக்கெடுத்த அதே ஆண்டுகளில், அவற்றைப் போன்ற ஊர்களிலிருந்து நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தனர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி, தலைக்குத் தலை எண்ணித் தலைக்காசு பெற்றார். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை அவ்வழியில் ஆட்கள் வந்தனர். அவர்கள் ஊரைவிட்டு ஏன் புறப்பட்டனர் என்பதற்கான விடையின் ஒரு பகுதி, அவ்வூர்களின் நெற்கூலியிலும் வட்டியிலும் இருக்கிறது.

இன்று நம் பிள்ளைகள் பல்கலைக் கழகம் புகுகின்றனர். மலேசியாவில் 1997இல் தோன்றிய பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பல ஏழை வீடுகளுக்குக் கல்லூரி வாயிலைத் திறந்துள்ளது. அது படியாள் கடன் அன்று, ஆயினும் கடனே. பத்தொன்பது வயதில் கையொப்பமிடுபவர், மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, மொத்தம் எவ்வளவு என்று தாமே கணக்கிட்டுப் பார்த்தாரா?

ஆசிரியர்கள் செய்யக் கூடியது ஒன்றுண்டு. அடுத்த பள்ளி விடுமுறையில், ஒரு மாத வீட்டு வரவு செலவைத் தாய் தந்தையரிடம் கேட்டுத் தமிழிலேயே எழுதிவரச் சொல்லலாம். வீட்டுக் கணக்கை வகுப்பிற் படிக்கச் செய்ய வேண்டுவதில்லை. கேட்டு அறிந்தாலே போதும். பொருளியலின் முதற்பாடம் அம்மா சொல்லும் மளிகைக் கடன் கணக்கிலேயே தொடங்கிவிடும்.