பிள்ளைக்காம்பராவும் பேசாப் பிள்ளையும்

மலையகத் தோட்ட வரலாற்றை எழுதியோர் ஏற்றுமதியைக் கணக்கிட்டனர், சட்டங்களை ஆராய்ந்தனர். பிள்ளைக்காம்பராவின் வாயிலில் நின்று நோக்கியோர் மிகச் சிலரே.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை, கோப்பி அழிந்தபின் நுவரெலியா, ஹற்றன் மலைகளெங்கும் பரவிற்று. கோப்பி பருவகாலத் தொழிலாளரை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் பெண்களின் கைகளை வேண்டியது. அக்கைகளை விடுவிப்பதற்கே பிள்ளைக்காம்பரா எழுந்தது. தொட்டில்கள் நிரையாகத் தொங்கின. முதிய ஆயா காவலிருந்தாள். அழாத பிள்ளையே அங்கு நல்ல பிள்ளை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையின் மௌனமும் நற்குணமாகவே கொள்ளப்பட அங்கு இடமிருந்தது.

அம்மௌனத்திற்கு ஓட்டிசம் என்னும் பெயரை 1943இல் லியோ கனரின் கட்டுரை நிலைநாட்டியது. அதன் நரம்பியல் அடிப்படையை 1964இல் பேர்னாட் றிம்லண்ட் எடுத்துக்காட்டிய பின்னும், 1967இல் புறூனோ பெற்றல்ஹைம் தாயின் அன்பின்மைமீதே பழி சுமத்தினார். இன்றைய ஆய்வுலகம் அப்பழியை முற்றாக நிராகரித்துவிட்டது. விடியலில் பிள்ளையை ஒப்படைத்து மலையேறும் தாய்க்கு இவ்வுண்மை எத்துணை ஆறுதல்!

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பிள்ளைக்காம்பராக்களும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களெனப் பெயர் பெற்றன. பெயரோடு நோக்கமும் மாறுதல் வேண்டும். பிள்ளை சுழற்றும் தகர மூடியை ஆயாவும் உடனமர்ந்து சுழற்றி, அதன் பார்வை தன்பால் திரும்பும்வரை காத்திருப்பாளாயின், அதுவே விளையாட்டுவழிக் கல்வியின் முதற்பாடம். அதற்கு ஆயாவுக்குப் பயிற்சி வேண்டும்; தாய்க்கு நேரம் வேண்டும். தாயின் உழைப்பின் பொருட்டுத் தோன்றிய நிலையம், இனிப் பிள்ளையின் பொருட்டும் இயங்குதல் வேண்டும்.