பெண்களை அதிகம் தாக்கும் நோய்கள்: ஹார்மோன் சொல்லும் வரலாறு

பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம், வாலி சிவனை வழிபட்ட தலம் என்பது ஐதீகம். வாலியும் சுக்ரீவனும் முதலில் மோதியபோது யார் எவர் என்று ராமனுக்கே தெரியவில்லை. அடுத்த முறை சுக்ரீவனுக்கு மாலை போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் இதே சிக்கல் உண்டு. கிருமி எது, சொந்தத் திசு எது என்ற அடையாளம் தவறினால் அது சொந்த உடலையே தாக்கும். முடக்குவாதம், லூபஸ் எல்லாம் இப்படி வருபவைதான். லூபஸ் நோயாளிகள் 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள். ஏன் இப்படி?

முதல் துப்புகளில் ஒன்று கர்ப்பிணிகளிடம் கிடைத்தது. கர்ப்ப காலத்தில் முடக்குவாத வலி குறைவதையும், பிரசவத்துக்குப் பின் திரும்புவதையும் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் பிலிப் ஹென்ச் 1930களில் கவனித்தார். மஞ்சள் காமாலை வந்த ஆண்களுக்கும் வலி குறைந்ததால், காரணம் பெண் ஹார்மோன் மட்டுமல்ல என்று முடிவு செய்தார். 1948 செப்டம்பரில், அட்ரீனல் சுரப்பியில் கண்டறியப்பட்ட கார்ட்டிசோனை ஒரு பெண் நோயாளிக்குச் செலுத்தினார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் 'ஏன் பெண்கள்?' என்ற கேள்வி அப்படியே நின்றது. 1970களில் நார்மன் டலால் குழுவினர் லூபஸ் போன்ற நோய் வரும் எலிகளை ஆராய்ந்தனர். விதை நீக்கிய ஆண் எலிகளுக்கு நோய் சீக்கிரம் வந்தது. ஆண் ஹார்மோன் பெற்ற பெண் எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களை ஈஸ்ட்ரோஜன் தூண்டுகிறது, டெஸ்டோஸ்டிரோன் அடக்குகிறது என்பது தெளிவாயிற்று.

ஹார்மோன் மட்டுமே காரணமல்ல. எக்ஸ் குரோமோசோமுக்கும் பங்கு உண்டு. கூடுதலாக ஒரு எக்ஸ் உள்ள ஆண்களுக்கும் லூபஸ் அதிகம் வருகிறது. ஈஸ்ட்ரோஜனுக்குப் பயந்து லூபஸ் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையே தராத காலமும் இருந்தது. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு அதனால் நோய் கூடுவதில்லை என்று 2005இல் ஆய்வுகள் காட்டின. ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு அது ஆகாது.

'பிள்ளை பெற்ற உடம்பு, வலி இருக்கத்தான் செய்யும்' என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் பிரசவத்துக்குப் பின் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் விறைத்து, வாரக்கணக்கில் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருத்துவரிடம் போனால் மூட்டுகளைக் காப்பாற்றலாம்.