வியாபாரம் போன வழியில் ஒரு ரயில் பயணம்

அந்த வார இறுதி முழுக்க விடாத மழை. ஆனாலும் நாங்கள் ஏழு மாணவர்கள் பெல்ஜியத்தில் ரயிலேறிவிட்டோம்.

சனிக்கிழமை புரூஜ். அங்கே வான் டெர் பர்ஸ் குடும்பத்தின் சத்திரத்தருகே வணிகர்கள் கூடியதால்தான் ஐரோப்பாவில் பங்குச்சந்தைக்கு 'பூர்ஸ்' என்று பெயர் வந்தது என்பார்கள். பி.காம் படிக்கும் எனக்குப் புல்லரித்தது! ஊரைக் கடலோடு இணைத்த ஸ்வின் நீர்வழி தூர்ந்துபோக, வியாபாரம் மெல்ல ஆண்ட்வெர்ப்புக்கு நகர்ந்தது.

ஞாயிறன்று நாங்களும் அங்கே போனோம். 1531-ல் சந்தைக்கென்றே அங்கு கட்டடம் கட்டினார்கள். 1585-ல் ஸ்பானியப் படை நகரைப் பிடித்ததும் வணிகர்கள் பலர் ஆம்ஸ்டர்டாம் போய்விட்டார்கள்.

ஏழையாகிப்போன புரூஜில் பழைய வீடுகளை இடித்துக் கட்டக் காசில்லை. அதனால்தான் பல வீடுகள் மிஞ்சின. குடை பிடித்துக்கொண்டு நாங்கள் ரசித்தது ஓர் ஊரின் நஷ்டக் கணக்கைத்தான் நண்பர்களே!