திருமலையும் நியூ ஓர்லியன்சும்

சம்பூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் நோக்குவோர்க்குத் திருகோணமலை நகர் தோன்றும். அம்மன் வழிபாட்டில் ஊறிய எம்மூரவர்க்கு அந்நகரின் கத்தோலிக்கத் தேவாலயங்கள் அயலவருடையவை. அக்குருமார் வளர்த்த பாடசாலைகளோ அவ்வாறல்ல. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமலையில் புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும், மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தோன்றின. கிழக்கு மாகாணம் அப்போது யாழ்ப்பாணத் திருச்சபை ஆட்சியின் கீழிருந்தது. 1893இல் திருமலை தனி மறைமாவட்டமாயிற்று; 1895இல் பிரான்சிலிருந்து இயேசு சபைக் குருமார் வந்து பொறுப்பேற்றனர்.

கல்லூரி மலர்கள் பெரும்பாலும் அதிபர்களின் பெயர்வரிசையோடு அமைந்துவிடுகின்றன. மாணவர் வரிசையை நோக்கினாலன்றோ உண்மை புலப்படும்! காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்னும் சைவச் சிறுவர் மிக்கேல் கல்லூரியிற் கற்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறி, பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். அவரே 1924இல் துறவுபூண்ட விபுலானந்த அடிகள். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் திருமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது அதனை நடத்தியவரும் அவரே. கிறித்தவப் பாடசாலைகளுக்கு மாற்றாக எழுந்த சைவக் கல்வி முயற்சிக்குக் கிறித்தவப் பாடசாலையே தலைவரை ஆக்கித் தந்தது. மதம் மாறியோரின் தொகையைக் கொண்டு இந்நிலையங்களை அளப்போர், வாழ்த்துவோராயினும் வைவோராயினும், இதனைக் காணத் தவறுகின்றனர்.

1940களில் பிரெஞ்சுக் குருமாரின் இடத்துக்கு நியூ ஓர்லியன்சைத் தலைமையிடமாகக் கொண்ட இயேசு சபையினர் வந்தனர். அதுவும் பிரெஞ்சுக்காரர் அமைத்த துறைமுக நகரே. 1727இலேயே உர்சுலைன் கன்னியர் அங்கு பெண்கல்வியைத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவரான இக்னேஷியஸ் கிளெனி 1947 முதல் 1974 வரை திருமலை மேற்றிராணியாராக விளங்கினார். அவர் காலத்திலேயே, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. போட்டியிட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பாடசாலைகளும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் ஒருசேர அதில் அடங்கின.

எனினும் குருமார் சிலர் ஊர்திரும்பவில்லை. 1948இல் வந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்திற் பயிற்றிப் புகழ்பெறச் செய்தார். 1990 ஆகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்வந்த தமிழ் இளைஞரொருவரோடு அவர் காணாமற்போனார். இருவரும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.