கேப்பிஸ்ட்ரானோ

கேப்பிஸ்ட்ரானோ என்பது வலைச் செயலிகளைத் தொலைவிலுள்ள சர்வர்களில் தானியங்கியாக நிறுவ உதவும், ரூபி மொழியில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். ரூபி ஆன் ரெயில்ஸ் செயலிகளுக்காக ஜேமிஸ் பக் உருவாக்கிய இதன் முதற்பெயர் ஸ்விட்ச்டவர். இன்றைய பெயர் 2006இல் வந்தது. எஸ்.எஸ்.எச். வழியே பல சர்வர்களில் ஒருசேரக் கட்டளைகளை இயக்குவதால், அவற்றில் தனி முகவர் நிரல் தேவையில்லை.

இதன் தலையாய சிறப்பு அடைவு அமைப்பே. ஒவ்வொரு வெளியீடும் கிட் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டு, ‘ரிலீசஸ்’ அடைவினுள் நேரமுத்திரையைப் பெயராகக் கொண்ட உள்ளடைவில் வைக்கப்படும். பயனர் பதிவேற்றிய கோப்புகள் போன்றவை ‘ஷேர்டு’ அடைவில் நிலைத்திருக்கும். ஆயத்தப் பணிகள் முடிந்த பின்னரே ‘கரன்ட்’ என்னும் குறியீட்டு இணைப்பு புதிய வெளியீட்டுக்கு மாறும். இடையில் பிழை நேர்ந்தால் பழைய நிரலே தொடர்ந்து இயங்கும். முந்தைய பதிப்புக்கு மீள, இணைப்பைத் திருப்பிச் செயலியை மறுதொடக்கம் செய்தால் போதும். தரவுத்தள மாற்றங்கள் மட்டும் இவ்வாறு தாமாக மீளா. 2013இல் வெளியான 3ஆம் பதிப்பு ரேக் கருவியை அடித்தளமாகக் கொண்டது.